காப்பி வாங்கப் போன நேரத்தில்

என் தம்பி ஆர்லனுக்கும் எங்கள் போராட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இதைப் போலீசிடம் சொன்னேன். டீனிடம் சொன்னேன். எங்கள் மாவட்டத்து ராணுவ ஆள்சேர்ப்பு வாரியத்தில் கதவுக்கு வெளியே நின்றுகொண்டும் சொன்னேன். எல்லாரும் பொறுமையாகத் தலையை ஆட்டினார்கள். அப்புறம் தாங்கள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்ததைச் செய்தார்கள்.

1966ஆம் ஆண்டு மே மாதம். நான் விஸ்கான்சினில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். ஆர்லன் என்னைவிட ஒரு வயது சின்னவன். அதே இடத்தில் பால்பண்ணைப் படிப்பு. வியட்நாமுக்கு அனுப்ப ஆள் போதவில்லை என்று அரசாங்கம் அப்போது கண்டபடி ஆள் திரட்டிக்கொண்டிருந்தது. கல்லூரியில் படிக்கிற பையன்களுக்கு அதுவரை விலக்கு இருந்தது. அந்த வருடம் அதிலும் கை வைத்தார்கள். வகுப்பில் மேல்வரிசையில் இருப்பவன் படிக்கலாம், கீழ்வரிசையில் கிடப்பவன் துப்பாக்கி தூக்கலாம். யார் மேலே, யார் கீழே என்பதைப் பல்கலைக்கழகமே வாரியத்துக்கு எழுதி அனுப்பும்.

"அனுப்பாதே" என்பதுதான் எங்கள் கோரிக்கை. ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லை முடிவு செய்ய எங்கள் கமிட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.

கமிட்டிக்குத் தலைவன் லெனார்ட். சிகாகோக்காரன், தத்துவத்தில் ஆராய்ச்சி செய்பவன். வாயில் எப்போதும் ஒரு பைப் இருக்கும், அதைப் பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. "அனுப்பக் கூடாது" என்று போடுவதா, "அனுப்ப மறுக்க வேண்டும்" என்று போடுவதா என்பதில் அவனுக்கும் அரசியல் துறைப் பையன்கள் இரண்டு பேருக்கும் அன்று தகராறு.

"ரெண்டும் ஒண்ணுதானே லெனார்ட்?" என்றேன் நான்.

"ஒண்ணு இல்ல மேவிஸ். ஒண்ணு வேண்டுகோள், இன்னொண்ணு நிலைப்பாடு."

"சரி, எதையாவது சொல்லு. ஸ்டென்சிலை மெஷின்ல மாட்டிட்டு மத்தியானத்துலேருந்து உட்கார்ந்திருக்கேன்."

"நீ அவசரப்படுற. அவசரம்தான் இயக்கங்களைக் கெடுக்குது."

நானும் ஃப்ரான் என்ற இன்னொரு பெண்ணும்தான் தட்டச்சு, நோட்டீஸ் ஓட்டுவது, ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவுவது எல்லாம். சிந்திக்கிற வேலை பையன்களுடையது. அதை அவர்கள் முடித்தபாடில்லை.

நோட்டீஸ் ஒருவழியாக வெளிவந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஆர்லனைத் தேடிப் போனேன். பல்கலைக்கழக மாட்டுக்கொட்டகையில் ஒரு ஜெர்சிப் பசுவின் குளம்பைத் தூக்கிப் பிடித்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேதியியல் சுத்தமாக வராது. தரவரிசையில் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பசுவை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நோட்டீசை முழுக்கப் படித்தான்.

"மூணாவது வரில ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்றான்.

"அதை விடுடா. விஷயத்தைப் பாரு. இது உன் கழுத்துக்கு வர்ற கத்தி. உனக்காகத்தான் இவ்வளவும் பண்றோம்."

"நான் கேட்டேனா?"

"கேக்கலைன்னா? உன் மார்க்கை அனுப்பினா நாளைக்கே உன்னைக் கூப்பிடுவாங்க."

"என் மார்க் மோசம்தானே. அதை மறைக்கச் சொல்றியா?"

"மறைக்கச் சொல்லல. அது அவங்களுக்குப் போக வேண்டிய விஷயமே இல்லைங்கிறேன்."

"சரி, நீ போய் உட்காரு. எனக்குக் கூட்டம்னாலே தலைவலி." மறுபடியும் பசுவின் காலைத் தூக்கிக்கொண்டான். அவனோடு பேசினால் எனக்கு எப்போதும் இப்படித்தான், சுவரில் பந்து எறிகிற மாதிரி இருக்கும்.

புதன்கிழமை காலையில் நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தோம். தரைத்தள நடைவழி முழுக்க மாணவர்கள். முதல் நாள் நன்றாகத்தான் போனது. பாட்டுப் பாடினார்கள், சிலர் பாடம் படித்தார்கள், பதிவாளர் அலுவலகத்துப் பெண்கள் எங்கள் கால்களைத் தாண்டித் தாண்டிக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் லெனார்ட் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "யாராவது காப்பி வாங்கிட்டு வந்தா நல்லாருக்கும்" என்றான். யாராவது என்றால் அங்கே இருந்த ஆண்களுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். ஃப்ரான் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன்.

அதே நேரத்தில் என் அம்மா பண்ணையிலிருந்து ஆர்லன் தங்கியிருந்த விடுதிக்கு ஃபோன் செய்திருக்கிறாள். வானொலியில் எங்களைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். "உங்கக்கா அங்க போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்காளாம். கைய புடிச்சு இழுத்துட்டு வா. வரலைன்னா தூக்கிட்டு வா" என்று உத்தரவு. ஆர்லன் அம்மா சொன்னதைத் தட்டாதவன். பக்கத்து வாசல் வழியாக உள்ளே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "மேவிஸ் எங்க? மேவிஸைப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறான்.

நான் அட்டைப்பெட்டி நிறையக் காப்பிக் கோப்பைகளோடு திரும்பி வந்தபோது வாசலில் போலீஸ் வண்டிகள் நின்றன. கதவை அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். லெனார்ட் உடம்பைத் துவள விட்டு நான்கு பேர் தூக்கும்படி வந்தான், அப்படித்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தான். ஃப்ரானைத் தூக்கக் கலக்கத்தோடு கொண்டுவந்தார்கள். அவளுக்குப் பின்னால், சேறு படிந்த ரப்பர் பூட்ஸோடு, யார் கையும் படாமல் தானாகவே ஒழுங்காக நடந்து வந்தான் ஆர்லன்.

"அவன் இல்லை" என்று கத்தினேன். "அவன் எங்க ஆளு இல்லை. அவனுக்கு இதுல சம்பந்தமே இல்லை."

ஆர்லன் என்னைப் பார்த்தான். "வெளியதான் இருக்கியா?" என்றான். "அம்மா உன்னை வீட்டுக்கு வரச் சொன்னாங்க."

வண்டியில் ஏற்றிக் கதவை மூடினார்கள். காப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியோடு நின்றேன்.

நேரே காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு வயதான சார்ஜென்ட் இருந்தார்.

"நானும் போராட்டத்துல இருந்தேன். என்னையும் கைது பண்ணுங்க. எங்க தம்பிய விட்டுடுங்க" என்றேன்.

"உள்ள இருந்தீங்களா?"

"நேத்திக்கு முழுக்க இருந்தேன். இன்னிக்குக் காலைலேயும் இருந்தேன்."

"நாங்க வந்தப்ப?"

"காப்பி வாங்கப் போயிருந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "காப்பி வாங்கப் போனதுக்கெல்லாம் சட்டம் கிடையாதும்மா. வீட்டுக்குப் போங்க."

"அவன் என்னைத் தேடித்தான் உள்ள போனான்."

"எல்லாரும் யாரையோ தேடித்தான் போயிருக்காங்க. இப்ப நாலு பேரு அதையேதான் சொன்னாங்க."

மறுநாள் எல்லாரையும் விட்டார்கள். அத்துமீறி நுழைந்த குற்றம், ஒரு சின்ன அபராதம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. என்னைக் கண்டிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். போலீஸ் முன்னால் ஒரு தோழரைப் பார்த்து "எங்க ஆளு இல்லை" என்று நான் கத்தியது ஒற்றுமையைக் குலைத்துவிட்டதாம்.

"அவன் தோழர் இல்லப்பா. என் தம்பி" என்றேன்.

"கைதான நிமிஷத்துலேருந்து அவன் தோழர்தான்" என்றான் லெனார்ட். அதோடு நிற்கவில்லை. விடுதி வருட மலரிலிருந்து ஆர்லனின் படத்தை வெட்டியெடுத்து, கீழே 'விவசாயி மகன், அரசியல் கைதி' என்று போட்டு ஊர் முழுக்க ஒட்டிவிட்டார்கள். அந்தப் படத்தில் அவன் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான்.

ஆர்லன் மறுநாள் ஒரு ஏணியையும் வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தான். லெனார்ட் தடுக்கப் போனபோது, "என் மூஞ்சி, நான் எடுக்கிறேன். உன் மூஞ்சி வேணும்னா ஒட்டிக்க" என்றானாம்.

அடுத்த வாரம் டீன் விசாரணை வைத்தார். டீன் விட்காம் கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். யாரையும் வெளியே அனுப்ப அவருக்கு மனமில்லை. ஆகவே ஒரு பாராவில் மன்னிப்புக் கடிதம் தயாராக அடித்து வைத்திருந்தார்: 'நிர்வாகக் கட்டடத்தில் நடந்த ஒழுங்கற்ற செயலில் நான் பங்கெடுத்ததற்காக வருந்துகிறேன்.' கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார். கமிட்டி அதையும் மணிக்கணக்காக விவாதித்தது. கையெழுத்துப் போடுவது சரணடைவது இல்லை, ஒரு உத்தி என்று கடைசியில் முடிவாயிற்று. எல்லாரும் போட்டார்கள். லெனார்ட்தான் முதலில்.

ஆர்லன் போடவில்லை. அவன் முறை வந்தபோது நானும் கூடப் போனேன். டீன் என்னை உட்காரச் சொன்னார், பேசக் கூடாது என்றும் சொன்னார்.

"இதுல என்னப்பா சிக்கல்?" என்று கேட்டார் டீன்.

"நான் பங்கெடுக்கல சார். பங்கெடுத்தேன்னு எப்படி எழுதுறது?"

"சரி. அப்ப உன்னை உள்ள கூட்டிட்டுப் போனது யாருன்னு ஒரு வரி எழுது. தவறா வழி நடத்தப்பட்டேன்னு போட்டுக்கலாம்."

"யாரும் கூட்டிட்டுப் போகல. எங்கம்மா அனுப்பினாங்க."

"அம்மாவா?"

"எங்கக்காவை இழுத்துட்டு வரச் சொன்னாங்க. அவ அங்க இல்ல."

டீன் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். அவனுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடுகிறேன், என்னை வெளியே அனுப்புங்கள் என்றேன். "கைதானவங்கள்ல உன் பேரு இல்லையேம்மா. உன் மேல நான் என்னன்னு நடவடிக்கை எடுக்கிறது?" என்றார் அவர். பிறகு ஆர்லன் பக்கம் சாய்ந்து, கெஞ்சுகிற குரலில், "தம்பி, இது வெறும் காகிதம். போட்டுட்டுப் போய் உன் மாடுகளைப் பாரு" என்றார்.

"பொய்யா இருக்கே சார்" என்றான் ஆர்லன்.

ஒரு பருவம் இடைநீக்கம். அந்தப் போராட்டத்தில் தண்டனை வாங்கிய ஒரே மாணவன், அந்தப் போராட்டத்தில் இல்லாத ஒரே மாணவன். வெளியே வந்ததும் படிக்கட்டில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஊரில் ஒருத்தன் விடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான், இவன் பேனா மட்டும் என்ன தங்கத்தில் செய்ததா என்று கேட்டேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "புல் அறுப்புக்கு அப்பாவுக்கு ஆள் வேணும். நான் முன்னாடி போறேன்" என்றான்.

கல்லூரியில் இல்லாதவனுக்கு விலக்கும் இல்லை. ஜூன் மாதக் கடைசியில் வாரியம் அவனைப் போருக்குத் தகுதியானவர்கள் வரிசைக்கு மாற்றியது. நேரில் வந்து முறையிடலாம் என்று ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அம்மா அதைப் படித்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள். அந்த ஃபோனைச் செய்தது யார் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

அந்தத் தேதிக்கு முன்னால், ஜூலையில், எங்கள் சாலையிலேயே மூன்று பண்ணை தள்ளி இருந்த டுவேன் கெஸ்லர் வியட்நாமிலிருந்து பெட்டியில் வந்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் நேராகப் பால் லாரி ஓட்டப் போனவன். அவனுடைய மார்க்கை யாரும் யாருக்கும் எழுதி அனுப்பவில்லை, அதற்கு அவசியமே இருக்கவில்லை. பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் ஆர்லனும் ஒருவன். கல்லறையில் டுவேனின் அப்பா, பெட்டியில் போர்த்தியிருந்த கொடியை ராணுவத்தார் மடித்துக் கொடுக்க வாங்கிக்கொண்டு, அதை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வைக்கோல் பரணில் ஆர்லன் என்னிடம் கேட்டான்: "நாம அங்க எதுக்குப் போயிருக்கோம்?"

இரண்டு வருடமாக நான் எதிர்பார்த்த கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து ஆரம்பித்தேன். ஜெனிவா ஒப்பந்தம் வரைக்கும் வந்தபோது, "சுருக்கமா சொல்லு" என்றான்.

"சுருக்கமா சொல்ல முடியாதுடா."

"டுவேன் செத்துட்டான். ஏன்னு ஒரு வாக்கியத்துல சொல்லு."

எனக்கு வரவில்லை. இத்தனை நோட்டீஸ் தட்டச்சு செய்தவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. அவன் இறங்கிப் போய் அப்பாவிடம் கேட்டான். அப்பா இத்தாலியில் போர் பார்த்தவர், அதைப் பற்றி ஒருநாளும் பேசினதில்லை. டிராக்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "எனக்குத் தெரியாது" என்றார்.

வாரியம் மாவட்ட நீதிமன்றத்தின் மாடியில் கூடியது. தலைவர் ஆஸ்ட்பி, எங்களுக்குத் தீவனம் விற்பவர். இன்னொருவர் முடிதிருத்துகிறவர், மூன்றாவது ஆள் ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர். மூன்று பேருமே ஆர்லனைத் தொட்டிலில் பார்த்தவர்கள். என்னை உள்ளே விடவில்லை. கதவு மெல்லிய பலகை, மேலே காற்றுக்காகத் திறந்த கண்ணாடி. நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாம் கேட்டேன்.

"தம்பி, நடந்தது எங்களுக்குத் தெரியும்" என்றார் ஆஸ்ட்பி. "உங்கக்கா வெளிய உட்கார்ந்துகிட்டு வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கா. நீ அவளைத் தேடித்தான் போன. அப்படித்தானே?"

"ஆமா."

"நீ ஒண்ணும் இந்தப் போருக்கு எதிரானவன் இல்லையே?"

நான் பெஞ்சில் நுனிக்கு வந்துவிட்டேன். இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இடைநீக்கம் முடிகிற வரைக்கும் ஒத்திப்போட்டு, திரும்பக் கல்லூரியில் சேர்ந்ததும் விலக்கைக் கொடுத்துவிட அவர் தயாராக இருந்தார். அது அவர் குரலிலேயே தெரிந்தது.

"மே மாசம் எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தோணல" என்றான் ஆர்லன். "இப்பத் தோணுது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் நான் தொண்டை கிழியப் பேசியபோது அசையாதவன், இதற்கென்று தேடிப் பிடித்து இந்த இடத்தில், இந்த நிமிஷத்தில் அசைந்திருக்கிறான்.

"ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றான் அவன். "டுவேன் எதுக்குச் செத்தான்?"

பள்ளி முதல்வர் ஏதோ கம்யூனிசம் என்று தொடங்கினார். ஆஸ்ட்பி அவரை நிறுத்தினார்.

"நாடு கூப்பிட்டாப் போகணும். அதுக்கு மேல எனக்கும் தெரியாது" என்றார் ஆஸ்ட்பி. "எங்கக்கா பையனும் அங்கதான் இருக்கான். அவன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

"அப்ப என்னால போக முடியாதுங்க."

"நான் அதை உன்கிட்டக் கேக்கவே இல்லையே தம்பி."

"நீங்க கேக்கப் போறீங்கல்ல. அப்பச் சொல்றதை இப்பவே சொல்லிடறேன்."

திரும்பும் வழியில் காரை நான்தான் ஓட்டினேன். மனசாட்சியின் பேரில் போரை மறுக்கிறவர்களுக்குத் தனி விலக்கு இருக்கிறது, அதற்கு விண்ணப்பம் போடு என்றேன். எந்தப் போருமே பாவம் என்று நம்புகிறாயா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொன்னால் போதும் என்றேன்.

"ஹிட்லரை எதிர்த்து அப்பா போனது சரிதானே?" என்றான்.

"சரிதான். ஆனா அதை அவங்ககிட்டச் சொல்லாத."

"அப்ப எந்தப் போருமே பாவம்னு நான் நம்பல."

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டா. அதுக்குப் போயி ஜெயிலுக்குப் போவியா?"

"நீ சாலையைப் பாத்து ஓட்டு."

அந்த மாதமே கனடாவில் ஒரு முகவரி பிடித்தேன். டொரன்டோவில் ஃப்ரானின் மாமா, தச்சுப் பட்டறை வைத்திருந்தார், வேலை கொடுப்பதாகச் சொன்னார். எல்லைவரை கொண்டுபோய் விட ஆளும் ஏற்பாடு செய்தேன். ஆர்லன் முகவரியை வாங்கிப் பார்த்து, ஃப்ரானின் மாமாவுக்கு நன்றி சொல்லி அட்டை ஒன்று எழுதிப் போட்டுவிட்டு, போகவில்லை. "ஒளிஞ்சுக்கிற அளவுக்கு நான் என்ன பண்ணினேன்?" என்றான். அதற்கிடையில் லெனார்ட் பண்ணைக்கே வந்தான். பல்கலைக்கழகப் படிக்கட்டில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஆர்லன் தன் ஆள்சேர்ப்பு அட்டையை எரிக்க வேண்டும் என்று கேட்டான். என் அம்மா அவனுக்கு ஆப்பிள் பை சுட்டு வைத்தாள், அவன் பேசி முடித்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவன் நாற்காலியைச் சுற்றியே பெருக்க ஆரம்பித்தாள். அவன் புரிந்துகொண்டு எழுந்து போனான்.

அக்டோபரில் அழைப்பு வந்தது. மில்வாக்கியில் ஒரு பெரிய கூடத்தில் எல்லாரையும் நிற்க வைத்து, பெயரைக் கூப்பிட்டதும் ஓரடி முன்னால் வரச் சொல்வார்கள். அந்த ஓரடி வைத்தால் ராணுவக்காரன். ஆர்லன் வைக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். தனியாக அழைத்துப்போய், வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு லெப்டினன்ட் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகும் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "மரியாதையாத்தான் நடத்துனாங்க" என்றான். கூட வந்த பையன்களில் ஒருவன் மட்டும் அவன் மேல் துப்பினானாம். அதையும் அதே குரலில்தான் சொன்னான்.

வழக்கு குளிர்காலத்தில் வந்தது. அரசு கொடுத்த வக்கீல், அவன் தவறுதலாகக் கைதானதிலிருந்து கதையைச் சொல்ல நினைத்தார். நீதிபதி அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் தீர்ப்பானது. அப்பா தன்னிடம் இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆர்லனைக் கூட்டிக்கொண்டு போக வந்த அதிகாரியிடம் போய்த் தன் கம்பளிக் கையுறைகளை நீட்டி, "இதைக் குடுக்கலாமா? வெளிய குளிரா இருக்கு" என்று கேட்டார். கூடாது என்றார் அதிகாரி. அப்பா அவற்றைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். வீடு வரும்வரை அவரும் போட்டுக்கொள்ளவில்லை.

1967 கோடையில் சட்டத்தை மாற்றினார்கள். கல்லூரி மாணவர்களுக்கு இனித் தரவரிசை பார்க்க வேண்டியதில்லை என்றது அரசாங்கம். உடனே எங்கள் பல்கலைக்கழகம், மாணவர்களின் உணர்வை மதித்துத் தானே முன்வந்து தரவரிசை அனுப்புவதை நிறுத்திவிட்டதாக அறிக்கை விட்டது. கமிட்டி வெற்றிக் கூட்டம் போட்டது. லெனார்டால் வர முடியவில்லை, அவன் சட்டக் கல்லூரியில் சேர்ந்து கிழக்கே போய்விட்டிருந்தான். என்னைப் பேசச் சொன்னார்கள். மேடையேறி, இந்த வெற்றிக்காக ஒரு பையன் சிறையில் இருக்கிறான், மனு எழுதிப்போட்டு அவனை வெளியே கொண்டுவர வழி உண்டா என்று கேட்டேன். அதற்கு ஒரு துணைக்குழு அமைப்பது என்று முடிவு செய்தார்கள். அந்தத் துணைக்குழு ஒருநாளும் கூடவில்லை. நான் கமிட்டியை விட்டு விலகினேன். போராட்டத்தை விடவில்லை. அதற்கப்புறம் நானும் ஃப்ரானும் வேறு சில பெண்களும் சேர்ந்து வாரிய அலுவலக வாசலில் வாராவாரம் நின்றோம். கூட்டம் போட்டுப் பேசாமல், நின்றோம். வருகிற பையன்களுக்குச் சட்டத்தில் என்னென்ன வழி இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தோம். சிலர் திட்டினார்கள், சிலர் கேட்டார்கள்.

பார்வையாளர் நாளில் ஆர்லனைப் போய்ப் பார்த்தபோது பல்கலைக்கழகத்தின் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். சிறையில் ஒரு பால்பண்ணை இருந்தது, அவனை அதில் போட்டிருந்தார்கள். அறிக்கையை அரைக்காதில் கேட்டுவிட்டு, பால் கறக்கும் இயந்திரத்தை அங்கே யாரும் ஒழுங்காகக் கழுவுவதில்லை, மடியெல்லாம் வீங்கிப்போகிறது என்று அரைமணி நேரம் குறைப்பட்டான்.

"உனக்குக் கோவமே வரலையாடா?" என்று கேட்டேன்.

"வருது. ராத்திரில வருது" என்றான். "அப்ப டுவேனோட சண்டை போடுவேன். நீ ஏன்டா கேக்காமப் போனன்னு." அப்புறம் எங்களுக்கு நடுவில் இருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அவனைத் திட்டுவதற்கு வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, மடி வீக்கத்துக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று கேட்டேன்.

நன்னடத்தைக்காக முன்கூட்டியே விட்டார்கள். 1968 நவம்பரில் நாங்கள் மூன்று பேரும் போய் அவனைக் கூட்டி வந்தோம். சிறை வாசலில் ஒரு காகிதப் பையோடு நின்றிருந்தான். ரொம்ப மெலிந்திருந்தான், முடி முன்னால் ஏறிப்போயிருந்தது. அம்மா இறங்கி ஓடி அவன் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு போட்டார்கள் இவர்கள் என்று வாசல் காவலாளியிடம் சண்டைக்குப் போனாள். அவர் பாவம், தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் ஓட்டறேன்" என்றான் ஆர்லன்.

"உன் லைசென்ஸ் காலாவதியாயிடுச்சு. நான் போய்க் கேட்டுட்டு வந்தேன்" என்றேன்.

"போலீஸ் புடிச்சா என்ன பண்றது?" என்றாள் அம்மா.

அப்பா சாவியை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் முன்னால் ஏறினேன். நெடுஞ்சாலைக்கு வருகிற இடத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவனுக்கு மறந்துவிட்டது. இடது என்றேன். அவன் வலப்பக்கம் திருப்பினான்.

"நான் இடதுன்னுதானே சொன்னேன்?"

"அந்தப் பக்கம் வயல் தெரியுது. கொஞ்ச தூரம் பாத்துட்டுத் திரும்பலாம்" என்றான்.

வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு, ஜன்னலைக் கீழே இறக்கினேன். அறுவடை முடிந்த சோளக்கட்டைகள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன.